மகனை ஜாமீன் வைத்த பிரபு

இந்தப் பக்கம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மார்ச் மாதம் என்றால் பேங்க்காரன் வீட்டில் விருந்தாளி மாதிரி. வீட்டுக்காரம்மாவே கதவைத் திறந்து "யாரு வேணும்?" என்று கேட்கிற மாதம் :-) கணக்கு முடித்து, ஆடிட்டர்களை வழியனுப்பிவிட்டு வந்த முதல் லீவு, ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை. கால் தானாக காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் போனது. கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்த நடைபாதைப் புத்தகக் கடைகள்தான்.

அட்டை போன ஒரு பழைய புத்தகம். ஹோகார்த் என்கிற ஆங்கிலேய ஓவியரின் படங்கள் அடங்கியது. புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு படத்தில் நின்றுவிட்டேன். நாற்காலி கொள்ளாத பருத்த கிழவர். தலையில் டோப்பா. முகத்தில் ஒரு சிரிப்பு. நம்மிடம் எதையோ விற்க வந்தவர் சிரிக்கிற சிரிப்பு. ஒரு கை விரலை இன்னொரு கையால் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்.

விரல் விட்டு எண்ணுகிறவர்களை இருபது வருஷமாக மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். "சார், இதுல இவ்வளவு வரும், அதுல இவ்வளவு வரும், மொத்தம் பாருங்க..." அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கிழவர் பெயர் சைமன் ஃப்ரேசர், லோவட் பிரபு. ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்காரர். ஹோகார்த் அவரை வரைந்தது 1746 ஆகஸ்டில், ராஜத்துரோகக் குற்றத்துக்காக லண்டனுக்குக் கைதியாகக் கொண்டுபோகிற வழியில், செயின்ட் ஆல்பன்ஸ் என்கிற ஊரில். விரல் விட்டு அவர் எண்ணுவது, இளவரசர் சார்லஸுக்காக எழுந்த மலைநாட்டுக் குலங்களை. எந்தக் குலத்தில் எத்தனை ஆள் என்கிற கணக்கை. அந்தப் படம் அச்சாகி ஒரு ஷில்லிங் விலையில் சக்கைப்போடு போட்டது. அடுத்த ஏப்ரலில் அவர் தலை போய்விட்டது. பிரிட்டனில் கோடரியால் தலை வெட்டப்பட்ட கடைசி மனிதர் அவர்தான்.

பி.காம். படித்தவனுக்கு எதற்கு ஸ்காட்லாந்து சரித்திரம் என்று கேட்கப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் பேங்க்குக்கே வந்து சேருவேன்.

முதலில் பின்னணி, சுருக்கமாக. 1688-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டுக்கும் ராஜாவாக இருந்த ஜேம்ஸ், கத்தோலிக்கர் என்பதால் எதிர்ப்பு வலுத்து, பிரான்சுக்கு ஓடினார். அவர் மகள் மேரியும் மருமகன் வில்லியமும் அரியணையில் உட்கார்ந்தார்கள். ஓடிப்போன ஜேம்ஸும் அவர் வாரிசுகளும்தான் உண்மையான ராஜா என்று சொன்னவர்களுக்கு ஜேக்கபைட்டுகள் என்று பெயர் (ஜேம்ஸ் லத்தீனில் ஜேக்கபஸ்). 1714-இல் ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து முதலாம் ஜார்ஜ் வந்து ராஜாவானார். 1715-இல் ஒரு பெரிய கலகம். 1745-இல், ஓடிப்போன ஜேம்ஸின் பேரன் சார்லஸ் எட்வர்ட் ஸ்காட்லாந்தில் வந்து இறங்கி இன்னொரு கலகம். 1746 ஏப்ரல் 16-ஆம் தேதி கல்லோடன் களத்தில், ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

இந்த அறுபது வருஷத்தில் லோவட் எத்தனை தடவை கட்சி மாறினார் என்று நானும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

ஒன்று: இளைஞனாக இருந்தபோது வில்லியம் ராஜாவின் படையில் பதவி வாங்கினார். இரண்டு: 1702-இல் பிரான்சுக்குப் போய், ஓடிப்போன ராஜவம்சத்தின் காலில் விழுந்தார். கத்தோலிக்கராகவும் மாறினார். மூன்று: அவர்களுடைய ஆளாக 1703-இல் ரகசியமாக ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டார். போனவர் அரசாங்கத்தின் பெரிய தலையான குவீன்ஸ்பெரி பிரபுவைச் சந்தித்து ரகசியங்களை விற்றார். திரும்பி பிரான்சுக்குப் போனதும் சந்தேகப்பட்டு உள்ளே தள்ளிவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே. நான்கு: 1714-இல் தப்பி வந்தார். 1715 கலகத்தில் அரசாங்கப் பக்கம் நின்று, இன்வெர்னெஸ் நகரத்தை ஜேக்கபைட்டுகளிடமிருந்து மீட்பதற்கு உதவினார். ஐந்து: 1745-இல் மறுபடி ஜேக்கபைட்.

ஒரு கை விரல் முடிந்துவிட்டது.

நான்காவது மாற்றம் சுவாரஸ்யமானது. லோவட் குலத்தின் நிலபுலன் அப்போது மெக்கன்சி என்பவர் கையில் இருந்தது. முந்தைய பிரபுவின் மகளைக் கட்டியவர். அந்த மெக்கன்சி 1715-இல் ஜேக்கபைட் பக்கம் போனார், ஃப்ரேசர் குலத்து ஆட்களையும் அழைத்துக்கொண்டு. லோவட் எந்தப் பக்கம் போவார்? எதிராளிக்கு எதிர்ப் பக்கம்தான். குலத்தலைவர் வந்துவிட்டார் என்ற செய்தி போனதும் ஃப்ரேசர்கள் ஜேக்கபைட் படையை விட்டுக் கிளம்பி அவரிடம் வந்துவிட்டார்கள். அதற்குப் பரிசாக மன்னிப்பும், மெக்கன்சியின் அனுபோகத்தில் இருந்த நிலங்களும் கிடைத்தன. அப்புறமும் பதினைந்து வருஷத்துக்கு மேல் கோர்ட்டு, கேஸ், சமரசம், பணம் என்று அலைந்து, 1730-களில்தான் பட்டமும் சொத்தும் முழுசாக அவர் பெயருக்கு வந்தன.

இதை வைத்து அவரைப் "பச்சோந்தி" என்று எழுதுகிறார்கள். மூன்று நூற்றாண்டாக அவர் பெயருக்கு ஒட்டிய அடைமொழிகள் எல்லாம் இந்த ரகம்தான். எனக்கு அதில்தான் சம்மதமில்லை.

கட்சி மாறுவது குற்றம் என்றால், அந்தக் காலத்தில் யாரைத் தூக்கில் போடாமல் விடுவது? 1688-இல் ராஜாவை மாற்றியதே பெரிய கட்சி மாறல். நேற்று வரை ஜேம்ஸுக்கு சத்தியம் செய்திருந்த தளபதிகளும் பிரபுக்களும் விடிந்ததும் வில்லியத்துக்கு சத்தியம் செய்தார்கள். மார் பிரபு என்று ஒருவர். 1707-இல் ஸ்காட்லாந்தையும் இங்கிலாந்தையும் ஒரே நாடாக்கியதில் பெரும்பங்கு அவருடையது. 1714-இல் ஜார்ஜ் ராஜா அவர் மந்திரி பதவியைப் பிடுங்கினார். 1715 செப்டம்பரில் அதே மார் பிரபு, பிரேமாரில் ஜேக்கபைட் கொடியை ஏற்றினார். ஜனங்கள் அவருக்கு "ஆடுகிற ஜான்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆக, ஆடாதவர் யார் என்று தேடத்தான் வேண்டும்.

ராஜா யார் என்பதே தீர்மானமாகாத நாட்டில், விசுவாசம் என்பது ஒரு கணிப்புதான். கணிப்பு மாறலாம். மாறுவதில் பாவமில்லை. என் கேள்வி வேறு. கணிப்பு தப்பினால் நஷ்டம் யார் கணக்கில் எழுதப்படும்? பேங்க்கில் எந்த ஃபைல் வந்தாலும் நாங்கள் கடைசியில் பார்ப்பது அதைத்தான். லாபம் யாருக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். நஷ்டம் யாருக்கு என்பது கையெழுத்துப் போடுகிற இடத்தில்தான் தெரியும்.

1745-க்கு வருவோம். லோவட்டுக்கு அப்போது எண்பதை நெருங்கிய வயது. அரசாங்கத்தின் மேல் அவருக்குக் கோபம் இருந்தது, அது நியாயமான கோபமும்கூட. அரசாங்கத்துக்காக நடத்திவந்த படைப்பிரிவின் தலைமையை 1739 வாக்கில் பிடுங்கிக்கொண்டார்கள். ஷெரிஃப் பதவியும் போயிற்று. உடனே ஜேக்கபைட் ரகசியக் கூட்டணியில் சேர்ந்தார். வெளிநாட்டில் இருந்த ஜேம்ஸ் (ஓடிப்போனவரின் மகன்) அவருக்கு டியூக் பட்டம் தருவதாக எழுதிக் கொடுத்தார். பட்டம் காகிதத்தில்தான். ராஜா ராஜாவானால் செல்லும். நம் பாஷையில் சொன்னால் பின்தேதியிட்ட செக்.

ஜூலையில் இளவரசர் வந்து இறங்கினார். ஆகஸ்ட் 19-இல் கிளென்ஃபினனில் கொடி ஏறியது. லோவட் அசையவில்லை. உடம்பு சரியில்லை என்றார். பக்கத்தில் கல்லோடன் மாளிகையில் இருந்த டங்கன் ஃபோர்ப்ஸுக்கு, ஸ்காட்லாந்தின் தலைமை நீதிபதிக்கு, ராஜவிசுவாசம் சொட்டச் சொட்டக் கடிதம் எழுதினார். ஃபோர்ப்ஸ் அவருக்குப் பழைய நண்பர், அந்தப் பகுதியில் அரசாங்கத்தின் கண்ணும் காதும் அவர்தான்.

செப்டம்பர் 21-இல் பிரெஸ்டன்பான்ஸில் இளவரசரின் படை அரசாங்கப் படையைக் கால் மணி நேரத்தில் விரட்டியடித்தது. அந்தச் செய்தி வந்ததும் லோவட்டின் உடம்பு தேறியது :-) ஆட்களைத் திரட்டினார். ஆனால் தலைமை தாங்க அவர் போகவில்லை. மகனை அனுப்பினார்.

மகன் பெயரும் சைமன்தான். வயது 19. செயின்ட் ஆண்ட்ரூஸில் படித்துக்கொண்டிருந்த பையன். படிப்பிலிருந்து வரவழைத்து, குலத்துப் படைக்குத் தலைமை தாங்கச் சொன்னார். பையனுக்கு இதில் விருப்பமில்லை என்று பின்னால் விசாரணையில் சாட்சிகள் சொன்னார்கள்.

அதே சமயம் ஃபோர்ப்ஸுக்குக் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. சாராம்சம் இதுதான்: என் மகன் என் பேச்சைக் கேட்கவில்லை. குலத்து முரடர்கள் அவனைக் கெடுத்துவிட்டார்கள். நான் நோயாளிக் கிழவன், என்ன செய்வேன்? இந்தக் கடிதப் போக்குவரத்துக்கு நடுவில், அக்டோபரில், ஃப்ரேசர் ஆட்களே போய் ஃபோர்ப்ஸின் வீட்டைத் தாக்கினார்கள். பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல் என்பது இதுதான்.

கணக்கு புரிகிறதா? இளவரசர் ஜெயித்தால், "என் ஒரே வாரிசையே அனுப்பினேன், டியூக் பட்டம் எங்கே?" தோற்றால், "மகன் துரோகி, நான் விசுவாசி, நிலம் என் பெயரில்தான் இருக்கிறது." ராஜத்துரோகம் நிரூபணமானால் சொத்து பறிமுதல் என்பது அன்றைய சட்டம். சொத்து அப்பன் பெயரில். கழுத்து மகன் பெயரில்.

பல குடும்பங்கள் அப்போது இப்படிச் செய்தன. ஒரு பிள்ளை அந்தப் பக்கம், ஒரு பிள்ளை இந்தப் பக்கம். ஆங்கிலத்தில் ஹெட்ஜிங் என்று எங்கள் டிரஷரி பிரிவில் சொல்லுகிற சமாச்சாரம். ஆனால் ஹெட்ஜிங் செய்கிறவன் தன் பணத்தை இரண்டு பக்கமும் வைப்பான். லோவட் ஒரு பக்கம் வைத்தது தன் சொத்தை, இன்னொரு பக்கம் வைத்தது பெற்ற பிள்ளையை.

இவரோடு ஒப்பிட எனக்கு இன்னொரு கட்சிமாறி கிடைத்தார். லார்ட் ஜார்ஜ் மர்ரே, ஆத்தோல் குடும்பம். அந்தக் குடும்பத்துக்கும் லோவட்டுக்கும் பழைய பகை உண்டு. 1697-இல், சொத்துக்காக, இறந்துபோன லோவட் பிரபுவின் விதவையை நம் ஆள் ஆட்களோடு போய் பலவந்தமாகக் கல்யாணம் செய்துகொண்டார். அதைக் கல்யாணம் என்று சொல்வதே தப்பு, அது வன்கொடுமை. அதற்காகத்தான் முதன்முதலில் தேசத்தை விட்டே ஓட வேண்டி வந்தது. அந்தப் பெண், லார்ட் ஜார்ஜுக்கு அத்தை முறை. அப்பாவின் சொந்தத் தங்கை. அவர் கதையை இரண்டு வரியில் கடந்து போவதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. லோவட் தன் கணக்கை மற்றவர் உடம்பின் மேல் எழுதிய முதல் தடவை அது.

லார்ட் ஜார்ஜும் மாறியவர்தான். 1715-இல் ஜேக்கபைட். 1719-இல் கிளென்ஷீல் சண்டையில் ஜேக்கபைட்டாகக் காயம்பட்டு வெளிநாட்டுக்கு ஓடினார். 1720-களில் மன்னிப்பு வாங்கி ஊர் திரும்பினார். 1739-இல் ஜார்ஜ் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார். 1745 ஆகஸ்டில் அரசாங்கத்தின் துணை ஷெரிஃப்! அரசாங்கத் தளபதி கோப்பை நேரில் சந்தித்துப் பேசினார். இரண்டே வாரத்தில், செப்டம்பர் தொடக்கத்தில், பெர்த் நகரில் இளவரசரோடு சேர்ந்துவிட்டார்.

காகிதத்தில் பார்த்தால் லோவட்டைவிட மோசம். பிரமாணம் எடுத்தவர், பதவியில் இருந்தவர், சந்திப்புக்குப் போய்வந்த சூட்டில் மாறியவர். ஆனால் அவர் போன விதத்தைப் பாருங்கள். வயது 50. மனைவி, குழந்தைகள், கையில் நிலம். அரசாங்கப் பக்கம் இருந்த டியூக் ஜேம்ஸ் அவருக்கு அண்ணன். போவதற்கு முன்னால் அந்த அண்ணனுக்குக் கடிதம் எழுதிவைத்தார். இதில் உயிர், சொத்து எல்லாம் போகலாம் என்று தெரிந்தே போகிறேன், மனசாட்சி சொல்வதால் போகிறேன் என்ற அர்த்தத்தில். எந்த மகனையும் முன்னால் தள்ளவில்லை.

அப்புறம் என்ன நடந்தது? இளவரசரின் முகாமில் கடைசி வரை அவரை நம்பாதவர்கள் இருந்தார்கள். நேற்று வரை அந்தப் பக்கம் இருந்தவன் ஒற்றனாகத்தான் இருப்பான் என்று கிசுகிசு. டிசம்பர் 5-ஆம் தேதி, லண்டனுக்கு சுமார் 200 கிலோமீட்டரில், டார்பி நகரில் ஆலோசனைக் கூட்டம். இங்கிலாந்து ஜனங்கள் நம்மோடு சேரவில்லை, பிரெஞ்சுப் படையும் வரவில்லை, நம்மைச் சுற்றி அரசாங்கப் படைகள், திரும்பிவிடுவோம் என்று பச்சையாகச் சொன்னவர் லார்ட் ஜார்ஜ்தான். மற்ற தலைவர்களும் அதையே சொன்னார்கள். இளவரசர் அவரைக் கடைசி வரை மன்னிக்கவில்லை. பின்வாங்குகிற படையின் வாலில் நின்று காவல் காத்ததும் அவரே. டிசம்பர் 18-இல் கிளிஃப்டனில் துரத்தி வந்தவர்களைத் திருப்பி அடித்தார். அடுத்த மார்ச்சில், அரசாங்கப் படை உட்கார்ந்திருந்த பிளேர் கோட்டையை முற்றுகை போட்டார். அது அவருடைய சொந்தக் குடும்பத்து வீடு! கல்லோடனில் அந்தக் களம் வேண்டாம் என்று எதிர்த்தார். பேச்சு எடுபடாதபோதும் வலது அணிக்குத் தலைமை தாங்கினார். அதன்பின் வெளிநாடுதான். 1747-இல் பாரீஸுக்குத் தேடிப் போனபோது இளவரசர் பார்க்க மறுத்துவிட்டார். 1760-இல் ஹாலந்தில் மேதம்பிளிக் என்கிற சிறிய ஊரில் இறந்தார். சொந்த மண்ணைத் திரும்பப் பார்க்கவேயில்லை.

அவரையும் மகாத்மா ஆக்க வேண்டாம். ஆத்தோல் குடியானவர்கள் எல்லோரும் ஆசைப்பட்டு அவர் பின்னால் வரவில்லை. வராவிட்டால் வீட்டைக் கொளுத்துவோம் என்று மிரட்டித்தான் மலைநாட்டின் பல இடங்களில் ஆள் பிடித்தார்கள், ஆத்தோலும் விலக்கல்ல. பிரபு மனசாட்சிப்படி கட்சி மாறினால் குடியானவனும் கூடவே மாறியாக வேண்டும், அவனுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்பார் இல்லை. இந்தப் பற்று லார்ட் ஜார்ஜ் கணக்கிலும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அவர் தன் கழுத்தையும் அதே மேஜையில் வைத்தார். எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

குடியானவர்கள் கதை என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலகம் முடிந்து பிடிபட்டவர்கள் சுமார் 3,400 பேர். தூக்கிலும் மற்ற விதத்திலும் கொல்லப்பட்டவர்கள் சுமார் 120. அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் நாடு கடத்தப்பட்டவர்கள் 900-க்கு மேல். இவ்வளவு பேரையும் விசாரிக்க நேரமில்லை என்று சாதாரண சிப்பாய்களைக் குலுக்கல் போட்டுப் பிரித்தார்கள். இருபது பேருக்கு ஒருவன் வழக்கைச் சந்திக்க வேண்டும், மற்ற பத்தொன்பது பேர் நாடு கடத்தலை ஏற்க வேண்டும். சீட்டில் வந்தது அவன் விதி. அவன் எந்தக் கட்சி மாறினான்?

லோவட்டின் கணக்கும் பலிக்கவில்லை. கல்லோடன் தோல்வியன்று இரவு, தப்பி ஓடிவந்த இளவரசர் அவர் தங்கியிருந்த இடத்துக்கு வந்தார். யாருக்காக இத்தனை கடிதம், இத்தனை நாடகமோ, அந்த ஆளைத் தோற்றுப்போன ராத்திரியில்தான் பார்க்க வாய்த்தது. அரசாங்கப் படை அவர் மாளிகையைக் கொளுத்தியது. ஜூனில் மோரார் ஏரித் தீவு ஒன்றில் பிடிபட்டார். நடக்க முடியாது, தூக்கிக்கொண்டுதான் போனார்கள். 1747 மார்ச்சில் பிரபுக்கள் சபை முன் விசாரணை. இளவரசரின் செயலாளராக இருந்த மர்ரே ஆஃப் பிராட்டன் அப்ரூவராகி சாட்சி சொன்னார், கடிதங்களைக் காட்டினார். மகன் பேச்சைக் கேட்கவில்லை என்ற கதை அங்கே நிற்கவில்லை. ஒருமனதாகக் குற்றவாளி என்றார்கள். ஏப்ரல் 9-ஆம் தேதி டவர் ஹில்லில் தண்டனை. வேடிக்கை பார்க்கக் கட்டியிருந்த மேடை சரிந்து, பார்க்க வந்தவர்களில் பலர் அவருக்கு முன்னாலேயே செத்துப்போனார்கள்.

மகன் என்ன ஆனான்? சரணடைந்து சிறையில் இருந்தான். 1750-இல் மன்னிப்பு. வக்கீலுக்குப் படித்தான். 1757-இல், எந்த ராஜாவுக்கு எதிராக அப்பா அவனை அனுப்பினாரோ அதே ராஜாவுக்காக, பழைய ஃப்ரேசர் குடிகளிலிருந்து ஒரு படைப்பிரிவைத் திரட்டிக் கனடாவுக்குக் கொண்டுபோனான். 1759 கியூபெக் சண்டையில் அந்தப் பிரிவு இருந்தது. பறிமுதலான நிலம் 1774-இல்தான் திரும்பக் கிடைத்தது. அப்பா ஒரு குளிர்காலத்தில் போட்ட கணக்குக்கு மகன் 28 வருஷம் தவணை கட்டியிருக்கிறான்.

இன்னொரு மகனையும் சொல்ல வேண்டும், நம் மண்ணோடு சம்பந்தம் இருப்பதால். குரோமார்ட்டி பிரபு என்பவர் 1745-இல் பதின்வயது மகனோடு கலகத்தில் இறங்கினார். இருவரும் பிடிபட்டார்கள். அந்த மகன், மெக்லியோட் பிரபு, மன்னிப்பு வாங்கி, சுவீடன் படையில் காலம் தள்ளி, 1777-இல் பிரிட்டிஷ் ராஜாவுக்காக ஒரு மலைநாட்டுப் படையைத் திரட்டினார். அந்தப் படை 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கியது. அதன் இரண்டு கம்பெனிகள் அந்த வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி, காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில், திப்பு, ஹைதர் அலி படைகளிடம் சிக்கி அழிந்தன. பிழைத்தவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணம் சிறைக்குப் போனார்கள். குடும்ப நிலத்தை மீட்க ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் கட்டிய தவணையில் ஒன்று நம் புள்ளலூர் வயலிலும் விழுந்திருக்கிறது.

சரி, பேங்க்குக்கு வருகிறேன் என்று சொன்னேன் இல்லையா?

பத்து வருஷத்துக்கு முன்னால் நாக்பூரில் ஒரு கிளையில் இருந்தேன். ஒரு மார்ச் மாதம். ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பாவுக்கு வியாபாரம் நன்றாகத் தெரியும், ஆனால் வேறு இடத்தில் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டவர். அவர் பெயரில் எந்த பேங்க்கும் கொடுக்காது. அதனால் மகன் பெயரில் ஃபர்ம். பையனுக்கு 20 வயது, காலேஜில் இரண்டாம் வருஷம். தாத்தா எழுதிவைத்த வீடு அவன் பெயரில் இருந்தது, அது அடமானம். 12 லட்சம் கேஷ் கிரெடிட். அப்பா விரல் விட்டு எண்ணிக்கொண்டே பேசினார். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கைகாட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.

காகிதம் எல்லாம் சரி. வியாபாரத்தை நடத்தப் போவது யார் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். அந்த வருஷம் டார்கெட்டுக்கு என் கிளையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. சாங்ஷன் செய்தேன்.

இரண்டு வருஷத்தில் கணக்கு வாராக்கடன் ஆனது. நான் அப்போது மாற்றலுக்குக் காத்திருந்தேன். அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "என்ன சார் பண்றது, பையன் என் பேச்சைக் கேக்கறதே இல்லை."

வீடு ஏலத்துக்குப் போன செய்தி கல்கத்தா வந்த பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பையனுக்கு இனி பைக் வாங்கக்கூட யாரும் கடன் தர மாட்டார்கள். அப்பா இன்னொரு ஊரில், இன்னொரு பெயரில் வியாபாரம் செய்கிறாராம்.

அதனால்தான் லோவட்டின் கடிதங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட, என் மேல் வந்த கோபம் அதிகம். அந்தக் கதையில் நான் யார்? லோவட் இல்லை. அந்தக் கணக்கு தெரிந்தும் முத்திரை குத்திக் கொடுத்த ஆள். அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் லோவட்டுகள் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தால், டீ சொல்லிவிட்டு அப்பாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்கிறேன். பையனிடம் ஒரே கேள்வி: "தம்பி, இந்த வியாபாரம் நஷ்டமானா யாருக்கு நோட்டீஸ் வரும்னு தெரியுமா?" (இங்கே அதை இந்தியிலும் அரைகுறை வங்காளத்திலும் கேட்க வேண்டியிருக்கிறது, அது தனிக் காமெடி.) போன மாதம் ஒரு பையன் யோசித்துவிட்டு, "பாபாவுக்குத்தானே?" என்றான். இல்லையப்பா, உனக்கு என்றேன். முகம் வெளிறிவிட்டது. அப்பா கோபமாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எதிர்த்தெருவில் இன்னொரு பேங்க் இருக்கிறது, அவர்களுக்கும் மார்ச் உண்டு. என் டார்கெட் 94 சதவீதத்தில் நின்றது. ரீஜனல் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு மெயில் வந்திருக்கிறது. லோவட் பிரபுவைப் பற்றி அதில் எழுதவா முடியும்?

கட்சி மாறுங்கள், கருத்தை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், ஊரைக்கூட மாற்றுங்கள், நானே அப்படி வந்தவன்தான். ஜாமீனுக்கு மட்டும் உங்கள் கையெழுத்தையே போடுங்கள்.

பி.கு.: புத்தகம் 150 ரூபாய். பேரம் பேசாமல் வாங்கினேன் என்பதற்காக வீட்டில் தனி விசாரணை கமிஷன் நடந்தது. படத்தைப் பார்த்த வீட்டுக்காரம்மா, "யாருங்க இந்தப் பெரியவர், கடன் கேக்க வந்தவர் மாதிரியே இருக்காரே" என்றாள். பேங்க்காரன் பெண்டாட்டி!